பாரீஸுக்குத் துக்கம் கேட்கப் போன கதை

என் வீட்டுக்காரரின் உள்ளங்கை பாரீஸில் ஒரு வீட்டுக் கூடத்தையே மறைத்துக்கொண்டு நின்றது. அவருடைய ஆயுள் ரேகை, விரலிடுக்கில் இருக்கும் மச்சம் எல்லாம் அங்கே தாம்பாளம் அளவுக்குத் தெரிந்திருக்கும். இங்கே காரைக்காலில், முக்காலி மேல் ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்த போனுக்கு நேராகக் கையை நீட்டியபடி அவர் பாயில் உட்கார்ந்திருந்தார்.

"கையை எடுங்க. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"துக்கம் கேக்குறப்ப கையைத் தொடணும்ல. பேசாம இரு, எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் அத்தானும், அதாவது என் அக்காவின் கணவரும், மரியாதைக்குக் கையை நீட்டினார். எங்கள் திரையிலும் ஓர் உள்ளங்கை வந்து நிறைந்தது. இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தன. என் வாழ்க்கையின் முதல் வீடியோ கால் இப்படித்தான் தொடங்கியது.

அதுவரை அந்தப் பக்கமே நான் போனதில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகன் ஒருமுறை பழக்கிவிடப் பார்த்தான். திரையில் முதலில் தெரிந்தது என்னுடைய மூக்குத் துவாரங்கள். இதை ஊருக்குக் காட்டுவதற்கா காசு கட்டுகிறோம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். என்னைப் பொறுத்தவரை போன் என்பது காதில் வைத்துக்கொள்ள வேண்டிய பொருள்.

முகம் காட்ட வேண்டிய கட்டாயம்

இறந்துபோனவர் அக்காவின் மாமனார். எங்கள் பக்கத்தில் அவரைப் போன்றவர்களைச் சொல்தா என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்கள். தெருவுக்கு ஒருவராவது இருப்பார். இவர் திருமலைராயன்பட்டினத்துக்காரர். வயதான பிறகு குடும்பத்தோடு பாரீஸ் பக்கம் குடியேறினார். இட்லியைக் கத்தியால் வெட்டி முள்கரண்டியால் சாப்பிட்டு நான் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். சாம்பாரைத் தனியாகக் குடித்துவிட்டு 'சூப் நன்றாக இருந்தது' என்று எங்கள் அம்மாவிடம் சொன்னவர்.

தொண்ணூறைத் தாண்டி, தூக்கத்தில் போனார். கல்யாணச் சாவு. அழுது புரள ஒன்றுமில்லை. ஆனால் துக்கம் கேட்டே ஆக வேண்டும், அதுவும் நான் கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால் அக்காவும் நானும் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

எங்கள் பக்கத்தில் இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எவ்வளவு பெரிய சண்டை இருந்தாலும் சாவுக்குப் போய் நின்றுவிட்டால் போதும், பேச்சுவார்த்தை தானாக வந்துவிடும். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் போகாமல் இருந்துவிட்டால் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு எந்தச் சமாதானமும் செல்லாது.

அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். வீம்பை விட்டுச் சொல்கிறேன், எனக்கு என் அக்கா வேண்டும். விமானம் ஏறிப் போக என்னிடம் பாஸ்போர்ட்கூட இல்லை.

"போன்ல பேசிடுங்களேன்," என்றேன் இவரிடம், அவர் பேசிவிட்டால் நான் தப்பித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில்.

"குரலைக் கேட்டா துக்கம் கேட்டதாயிடுமா? முகம் காட்டணும். நாளைக்கு உங்கக்கா, தங்கச்சி மூஞ்சியைக்கூடக் காட்டலைன்னு சொல்லுவாங்க."

அவர் சொன்னது நியாயம். துக்கத்துக்குக் கட்டும் சாயம் போன சேலையைத் தேடிக் கட்டினேன். பூ வைக்கவில்லை, பவுடர் போடவில்லை. இவர் ஒரு படி மேலே போய், செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். வீட்டுக்குள்ளிருந்த செருப்பை எதற்கு வெளியே கொண்டுபோய் விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

சீஸ் செய்த வேலை

சண்டைக்குக் காரணம் ஒரு சீஸ். சிரிக்காதீர்கள், நிலத் தகராறில் பிரிந்தவர்கள்கூட எங்களைவிடச் சீக்கிரம் சேர்ந்திருப்பார்கள்.

எங்கள் மகன் கல்யாணத்துக்கு அக்கா பாரீஸிலிருந்து அதை மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். சம்பந்தி வீட்டாருக்குத் துண்டு போட்டுக் கொடுத்துப் பெருமைப்படலாம் என்று ஆசை. கல்யாண வீட்டுப் பரபரப்பில் யாரிடமும் சொல்லாமல் எங்கள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். மறுநாள் ஃபிரிட்ஜைத் திறந்தால் மல்லிகைப் பூவிலிருந்து தோசை மாவு வரை ஒரே வாடை. எலி செத்துக் கிடக்கிறது என்று இவர் ஃபிரிட்ஜை இழுத்துப் போட்டுப் பின்பக்கம் முழுவதும் தேடினார். கடைசியில் காகிதத்துக்குள் வட்டமாக ஒன்று. மேலெல்லாம் பூஞ்சை.

கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

"பூஞ்சை பூத்தாத்தான்டி அது சீஸ்," என்றாள் அக்கா, அழாத குறையாக.

"பூஞ்சையைத் தின்னு தின்னு உனக்கு மூக்கே போயிடுச்சு," என்றேன் நான். சுற்றிலும் அவள் புகுந்த வீட்டு மனிதர்கள் நின்றிருந்தார்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டினத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டாள். தாலி கட்டும்போது கடைசி வரிசையில் நின்றாள், சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஊருக்கு வந்தபோதும் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒருமுறை மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் நேருக்கு நேர் வந்தோம். வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் வீசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தபடியே கடந்துபோனோம். எனக்கு ஒரு பழமும் கிடைக்கவில்லை.

இன்றைக்கும் என் கட்சி ஒன்றுதான். பூஞ்சை பூத்தால் அது குப்பை.

வாங்க என்று சொல்லாத வீடு

சரி, பாரீஸுக்கு வருகிறேன். சாவு வீட்டில் வருகிறவர்களை வாங்க என்று அழைக்க மாட்டார்கள். வந்தவர்களும் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். போய்ப் பேசாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். நேரில் இது சுலபம். வீடியோ காலில் என்ன ஆயிற்று என்றால், அவர்கள் எடுத்தார்கள், வாங்க என்று சொல்லவில்லை. நாங்களும் பேசவில்லை. இரண்டு குடும்பங்கள் தலையைக் குனிந்துகொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

"சத்தம் வரலையோ?" என்று இவர் என் காதில் கிசுகிசுத்தார்.

"கேக்குது தம்பி," என்றது பாரீஸிலிருந்து அக்காவின் குரல்.

அப்போதுதான் இவர் பதறிப்போய்க் கையை நீட்டினார். உள்ளங்கைகள் விலகிய பிறகு அவளைப் பார்த்தேன். மூலையில் துணி காயப்போட்டிருந்த ஹீட்டர் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது.

அவள் என்னோடு நேராகப் பேசவில்லை. இவரோடு பேசினாள்.

"தம்பி, வீட்டுல எல்லாரும் சாப்பிட்டாச்சா?" எங்கள் வீட்டில் எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான்.

"ஆச்சுன்னு சொல்லுங்க," என்றேன்.

"ஆச்சுங்குறாக்கா," என்றார் இவர், நான் சொன்னது அங்கே கேட்காதது போல.

இப்படியே ஊர் விசாரணை எல்லாம் இவர் என்ற தபாலாபீஸ் வழியாகப் போய் வந்தது. பிறகு பேச்சு தீர்ந்துவிட்டது.

எழுந்து போவது எப்படி

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது. இன்னொரு துக்கத்துக்கு வருவேன் என்று ஆகிவிடும். பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். நாங்களும் எழுந்தோம். பாயை விட்டு நடந்து அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், பாரீஸ்காரர்கள் எங்களுடைய காலிப் பாயைப் பார்த்தபடி மரியாதையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

மறுபடி வந்து உட்கார்ந்தோம். வேறு என்ன செய்வது?

இவர் தன் போனிலிருந்து மகனைக் கூப்பிட்டு ரகசியமாக யோசனை கேட்டார். "சிகப்புப் பட்டனை அமுக்குங்கப்பா, முடிஞ்சுது," என்றான் அவன்.

"துக்கத்துல உக்காந்திருக்கவங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி கட் பண்றதாடா? நீ வை."

பாரீஸிலும் அதே சிக்கல். வந்தவர்கள் தானாகப் போக வேண்டும், வீட்டுக்காரர்கள் துரத்தக்கூடாது. நடுவில் அவர்கள் அடுக்ககத்துப் பிரெஞ்சுக்கார அம்மா ஒருவர் பூங்கொத்தோடு வந்தார். அத்தானின் தோளைத் தட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகும்போது எங்களையும் பார்த்துக் கையை ஆட்டி, "ஓ ரெவ்வார்" என்று கணீரென்று சொல்லிவிட்டுப் போனார்.

"என்னங்க சொல்லிட்டுப் போறாங்க?" என்று இவர் கேட்டார்.

"மறுபடியும் பாப்போம்னு அர்த்தம்," என்றார் அத்தான்.

இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இனி பேட்டரி தீர்ந்தால்தான் விடுதலை என்று நான் நம்பியிருந்தேன். அது தீரும் கட்டத்துக்கும் வந்தது. இவர் மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இவருடைய இன்வெர்ட்டர் பைத்தியத்தைப் பற்றி இந்தப் பத்தியிலேயே முன்பு ஒரு வாரம் எழுதியிருக்கிறேன். சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் கை தானாக ஓடி, போனை எடுத்துப்போய் அடுப்படி மேடையில் சார்ஜில் போட்டுவிட்டது. நான் முறைத்த பிறகுதான் செய்தது என்ன என்று அவருக்கே உறைத்தது. பிடுங்கலாம் என்றால் அங்கே அத்தானும் சார்ஜரைச் செருகிக்கொண்டிருந்தார்.

காரைக்காலில் மழை

இவருக்குச் சர்க்கரை உண்டு. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். அன்றைக்குக் காலையில், சாவுச் செய்தி இரண்டு நாள் தாமதமாக எங்களுக்கு வந்து சேர்வதற்கு முன்பே, காரைக்கால்மேட்டிலிருந்து கூடையில் கொண்டுவரும் செல்வியிடம் கிழங்கான் மீன் வாங்கி மசாலா தடவி வைத்திருந்தேன். வேறு வழியில்லை. போனைச் சுவரில் இருந்த மாதக் காலண்டர் பக்கம் திருப்பி வைத்தேன். துக்க வீட்டார் பிள்ளையார் படத்தைத் தரிசித்துக்கொண்டிருக்கட்டும், அதற்குள் வறுத்துவிடலாம் என்பது திட்டம்.

மீன் கல்லில் விழுந்ததும் சடசடவென்று சத்தம்.

"அங்க மழையா?" என்று கேட்டார் அத்தான்.

"ஆமாங்க, நல்ல மழை," என்றார் இவர். வெளியே அக்கினி நட்சத்திரத்து வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பொய் சொன்னவருக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். பெரியவர் போன வீட்டைச் சுவரைப் பார்க்க வைத்தோமே என்று, நான் பார்க்காத நேரத்தில் போனைத் திருப்பி வைத்துவிட்டார். நேராக அடுப்புக்கு.

"தம்பி," என்றாள் அக்கா. "இதுதான் உங்க ஊரு மழையா?"

இவர் துண்டை எடுத்து மீனுக்கு முன்னால் திரை பிடித்தார். துண்டு அடுப்பில் பற்றிக்கொள்ளும் என்று பிடுங்கி எறிந்தேன்.

"கிழங்கானா?"

"ஆமாக்கா," என்றார் இவர்.

"அதையாவது கெட்டதா நல்லதான்னு மோந்து பாத்து வாங்கினாளான்னு கேளுங்க."

அவ்வளவுதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கரண்டியும் கையுமாகப் போனைப் பார்த்து நின்றேன். "எங்க வீட்டு மூக்கெல்லாம் சரியாத்தான் வேலை செய்யுதுன்னு சொல்லுங்க."

"சரியாத்தான் வேலை செய்யுதுங்குறா."

"மடியில வெச்சுக் கொண்டாந்த பொருளை நாய்க்குப் போட்டாளேன்னு கேளுங்க."

"நாய்க்குப் போட்டியேன்னு கேக்குறாங்க."

"நாயே வேணாம்னுடுச்சுன்னு சொல்லுங்க."

இவர் அதைச் சொல்லவில்லை. அங்கே அத்தான் ஜன்னல் பக்கம் எழுந்து போய்விட்டார். அக்கா ஹீட்டரை விட்டு இப்போது முழுதாகத் திரும்பி, திரை நிறைய முகமாக என்னை முறைத்தாள். நானும் முறைத்தேன். துக்கம் கேட்க வந்து உறவை நிரந்தரமாக முடித்துக்கொண்டு போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. வாயை மூட முடியவில்லை. அடுத்த வார்த்தைக்கு மூச்சை இழுத்தேன்.

"ஏ மல்லிகா," என்றாள் அக்கா. "மீனைத் திருப்புடி. கருகுது."

திரும்பிக்கொண்டேன். மீனைத் திருப்பிப் போட்டேன். ஒன்றுதான் கருகியிருந்தது, ஆனால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, மெதுவாகத் திருப்பினேன். அழுகை நிற்கும் வரை போன் பக்கம் திரும்ப முடியாதே. இத்தனை வருடம் கழித்து அவள் வாயில் என் பெயர்.

"தீயைக் கொறைச்சு வெய்யி," என்றாள். "இங்க ரெண்டு நாளா ரொட்டியும் கடுங்காப்பியும்தான்."

அடுப்பைத் தணித்துவிட்டு முக்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். இவர் தட்டோடு கூடத்துக்கு நழுவிவிட்டார்.

"மாமா தினமும் காப்பிக்கு உக்காந்திருப்பாருடி. அவருக்குக் குடுத்துட்டுத்தான் நான் குடிப்பேன். இன்னிக்குக் காலையிலயும் ரெண்டு கப்பை எடுத்துட்டேன்," என்றாள். "கல்யாணச் சாவு, கல்யாணச் சாவுன்னு எல்லாரும் சொல்றாங்க. வீடு ஓன்னு கெடக்கு."

அதற்கு மேல்தான் நான் உண்மையாகத் துக்கம் கேட்டேன். சீஸைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஒரு முறை அடித்தால்

கிளம்ப வழி சொன்னதும் அவள்தான்.

"நீ ஒண்ணும் சொல்லாத. அந்தப் பட்டனை அமுக்கிட்டுப் போயிடு. துக்கம் அதோட முடிஞ்சுது. அப்புறம் நானே கூப்பிடுறேன், அது வேற. அதுல என்ன வேணாலும் சொல்லிக்கலாம்."

தலையை மட்டும் ஆட்டினேன். சிவப்புப் பட்டனை அமுக்கினேன். அவள் முகம் மறைந்து திரையில் என் சாயம் போன சேலை கொஞ்சம் தெரிந்து அதுவும் போயிற்று.

உடனே பயம் பிடித்துக்கொண்டது. அக்காவின் குணம் எனக்குத் தெரியும். அவள் ஒருவருக்கு ஒரு முறைதான் போன் அடிப்பாள். எடுக்காவிட்டால் அடுத்த முறை என்பதே இல்லை. சொந்த நாத்தனாரை அப்படித்தான் விலக்கி வைத்தாள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன்.

"குளிச்சுட்டு வா," என்றார் இவர். "துக்கம் கேட்டுட்டு அப்படியே நின்னா எப்படி?"

"பாரீஸ்ல கேட்டதுக்கு இங்க எதுக்குக் குளிக்கணும்?"

"முகம் காட்டினியா இல்லையா? முகம் காட்டினா தலைக்கு ஊத்தணும். சாப்பாட்டுல கை வெச்சுட்டேன், இல்லைன்னா நானே மொதல்ல குளிச்சிருப்பேன்."

அவரோடு வாதாடி ஜெயித்தவர்கள் இல்லை. போனைக் குளியலறைக்கே எடுத்துப்போய் ஜன்னல் திட்டில் வைத்தேன். தலைக்கு மூன்று சொம்புகூட ஊற்றியிருக்க மாட்டேன், அது அடித்தது. வீடியோ கால். திரையில் அக்கா பெயர்.

ஒரு நொடி யோசித்திருப்பேன். ஈரச் சேலையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, கட்டை விரலால் கேமராவை அடைத்து, எடுத்தேன். அவள் கூடத்தில் எழுந்து நடந்துகொண்டிருந்தாள்.

"என்னடி ஒரே இருட்டா இருக்கு? கரண்ட் போயிடுச்சா?"

"கரண்ட் இருக்குக்கா. குளிச்சுக்கிட்டிருக்கேன்."

"இந்நேரத்துல என்னடி குளியல்?"

"உன் மாமனாருக்குத்தான்."

அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, கூடத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வழியும் வரை அப்படியே நின்றாள்.

"சாவு வீட்டுல சிரிக்க வெக்காதடி, பாவி," என்றாள் மூச்சு வாங்கி. "போ, தலையைத் துவட்டிக்கிட்டு மெதுவா வா. நான் வெக்கல. இருக்கேன்."

நான் மெதுவாகப் போகவில்லை. தலையில் சொட்டச் சொட்டக் கூடத்துக்கு ஓடினேன்.